பழைய கண்ணாடியும் புதுக் கண்ணாடியும்

“பழைய கண்ணாடியும் புதுக் கண்ணாடியும் ஒன்றுதான்.” இந்த வாக்கியத்தை எழுதியது நான். காரைக்குடியில் ஒரு கூட்ட அறையின் வெள்ளைச் சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில் பெரிய பெரிய எழுத்தாக அது விழுந்து நின்றதை இன்றைக்கும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. அதற்குக் கீழே நீல நிறத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு வளைகோடு. மூலையில் என் பெயர். எங்கள் மேலாளர் சுவரைப் பார்த்துக் கையைத் தட்ட, மேசையைச் சுற்றி இருந்த ஏழெட்டுப் பேரும் தட்டினார்கள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று விடலாம் போல இருக்கிறது.

கண்ணாடி என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. புதுவயலில் அரிசி ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. நெல்லை அவிக்கிற ஆலை ஒவ்வொன்றிலும் உமியைப் போட்டு எரிக்கும் ஒரு பாய்லர் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே நிற்பவருக்குக் காட்ட, பாய்லரின் முகப்பில் விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தியிருப்பார்கள். மூடித் திறக்க மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. உள்ளே இருக்கும் அதே கொதிநீர், அதே ஆவி, அதே அழுத்தம், அந்த மெல்லிய குழாயிலும் நிற்கும். கேஜ் கிளாஸ் என்பார்கள். தண்ணீர் குறைந்துவிட்டால் பாய்லரே வெடிக்கும் என்பதால், பாய்லர்காரர் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை கிட்டே போய், முகத்தை நீட்டி, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவருடைய வேலையில் பாதி அதுதான். என் அக்காளின் கணவர், என் அத்தான், புதுவயலில் ஓர் ஆலையில் பாய்லர்காரராக இருந்தார்.

அத்தானுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய பாய்லர்காரர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, அது நியாயமான தலைக்கனம். வேலைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பொத்தான் போடுவார். நாலு பேர் நடுவில் அதிகம் பேசமாட்டார், என்னைக் கண்டால் மட்டும் வாய் நீளும். எனக்குக் காரைக்குடியில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்த வாரம் ஆலை வாசலில் என்னை நிறுத்தி, “எங்க கொழுந்தியா பெரிய படிப்புப் படிச்சுருக்கு. எந்தச் சாமான் என்னைக்கு ஒடையும்னு சோசியம் சொல்லுறதுக்குச் சம்பளம் குடுக்குறாக” என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். “சோசியம் இல்ல அத்தான், புள்ளியியல்” என்றேன். “ரெண்டுலயும் நடந்து முடிஞ்சப்பறம்தானத்தா தெரியிது” என்றார். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளின் இயந்திரங்களை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துப் பராமரிப்பது அவர்கள் தொழில். மோட்டார், பெல்ட், வால்வு, கேஜ் கிளாஸ் என்று எது பழுதானாலும் அவர்களுடைய மெக்கானிக் வந்து மாற்றித் தரவேண்டும். மாற்றும்போதெல்லாம் ஒரு வேலைச் சீட்டு எழுதுவார்கள். எந்த ஆலை, எந்தச் சாமான், எப்போது போட்டது, எப்போது எடுத்தது, ஏன் எடுத்தது என்று அதில் இருக்கும். பெட்டி பெட்டியாகத் தூசி படிந்து கிடந்த அந்தச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி, எந்தச் சாமான் எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்வது என் வேலை. ஒரே ரகச் சாமானில் ஒன்று சீக்கிரம் போகும், ஒன்று நாள்பட நிற்கும். அந்தச் சிதறலுக்குப் பொருந்துகிற கணித உருவத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதைப் பரவல் என்கிறோம். எந்தப் பரவலைத் தேர்ந்தெடுக்கிறோமோ, பிறகு வருகிற எல்லா முடிவையும் அது எடுத்துவிடும்.

இப்போது நான் பாடம் எடுக்கும் வகுப்பில் இதை டம்ளரையும் செருப்பையும் வைத்துச் சொல்கிறேன். கண்ணாடி டம்ளர் எப்போது உடையும்? கை தவறும்போது உடையும். பத்து வருஷம் அடுக்களையில் இருந்த டம்ளருக்கும் நேற்று வாங்கிய டம்ளருக்கும் நாளைக்குக் கை தவறுகிற வாய்ப்பு ஒன்றுதான். அதற்கு வயது என்பதே கிடையாது. அப்படிப்பட்ட சாமானுக்குப் பொருந்துவது அடுக்குக்குறிப் பரவல், ஆங்கிலத்தில் எக்ஸ்பொனென்ஷியல். செருப்பு அப்படி இல்லை. நடக்க நடக்கத் தேயும், இரண்டாம் வருஷத்தில் அறுந்துபோகிற வாய்ப்பு முதல் வருஷத்தைப்போலப் பல மடங்கு. அதற்கு வெய்புல் போன்ற வேறு பரவல் வேண்டும். வெய்புலில் ஓர் எண் வரும். அது ஒன்றுக்கு மேலே போனால் சாமானுக்கு வயதாகிறது என்று அர்த்தம், ஒன்றை ஒட்டி நின்றால் வயதாகவில்லை என்று அர்த்தம். கேஜ் கிளாஸ் டம்ளரா, செருப்பா? இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் தப்பாகப் பதில் சொன்னேன்.

சீட்டுகளில் கேஜ் கிளாஸ் இரண்டு விதமாக வந்திருந்தது. சிலவற்றில் ‘உடைந்தது’ என்று இருந்தது. அதைவிட அதிகமான சீட்டுகளில் ‘மாற்றியது’ என்று மட்டும் இருந்தது. மேலாளரிடம் கேட்டேன். மனிதர் சென்னையிலிருந்து வந்தவர், குரலை உயர்த்தவே மாட்டார், எதைச் சொன்னாலும் சிரித்தபடி சொல்வார். “உடையாம எடுத்ததை எதுக்கும்மா எண்ணணும்? அது ஃபெயிலியரே இல்லையே. தூக்குங்க” என்றார். தூக்கினேன். மிச்சத்துக்கு வெய்புல் போட்டுப் பார்த்தால் அந்த எண் ஒன்றை ஒட்டி நின்றது. “அப்ப எதுக்கு ரெண்டு எண் வச்ச மாடல்? சிம்பிளா எக்ஸ்பொனென்ஷியல் போடுங்க” என்றார். படத்தில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. உடைந்த கண்ணாடிகளின் வயது பன்னிரண்டு மாதம் வரை சீராகப் பரவி வந்து, அங்கே சுவர் எழுப்பியதுபோல நின்றுவிட்டது. அதற்கு மேல் வயதுள்ள கண்ணாடி ஒன்றுகூட இல்லை. “சார், ஒரு வருஷத்துக்கு அப்புறம் டேட்டாவே இல்லையே” என்றேன். “அதுக்கப்புறமும் இதே கோடுதான் போகும். எக்ஸ்பொனென்ஷியலோட அழகே அதுதானே” என்றார் சிரித்துக்கொண்டே.

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நான் தலையாட்டினேன். முதுகலைப் புள்ளியியலில் இரண்டு வருஷம் எதைத்தான் படித்தேனோ. தெரியாத இடத்துக்குக் கோட்டை நீட்டிவிட்டு அதை அழகு என்கிறான் ஒருவன், எதிரே உட்கார்ந்து ‘ஓகே சார்’ என்கிறேன். சாமானுக்கு வயதாகவில்லை என்றால், நன்றாக இருக்கும் பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவது வீண். அப்படித்தான் அந்த வாக்கியம் பிறந்தது. உடைந்தால் ஒழியக் கேஜ் கிளாஸை மாற்றக்கூடாது என்று எல்லா மெக்கானிக்குகளுக்கும் உத்தரவு போனது. ஆலைகளில் இருந்த உபரிக் கண்ணாடிகளையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெளியே வாங்கிப் போட்டால் ஒப்பந்தம் செல்லாது என்று ஆலை முதலாளிகளுக்குத் தனிக் கடிதம் அனுப்பினார்கள்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. மேலாளருக்கு ஊர் தெரியாது. எனக்குத் தெரியுமே. நான் புதுவயலில் பிறந்தவள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் ஊர் ஆலைகளில் பாய்லரை ஆறப்போட்டு, கரியைச் சுரண்டி, கழுவித் துடைத்து, கேஜ் கிளாஸைக் கழற்றிப் புதிதாக ஒன்று போடுவார்கள். பழைய கண்ணாடிக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்பது வழக்கம். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், “தீவாளிக்குப் பழைய சட்டையவா போடுறோம்?” என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் புதுக்கண்ணாடிக்கு முன்னால் நின்று பொரியும் கடலையும் வாங்கித் தின்று வளர்ந்தவள் நான். ‘மாற்றியது’ என்று எழுதியிருந்த சீட்டுகளில் தேதியைப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் அந்தந்த வருஷத்துப் பூஜை வாரத்தில் விழுந்திருக்கும். அந்தத் தேதிகளைக் கணினியில் தட்டியது என் விரல்தான். அது வெறும் சாமி சமாச்சாரம், இது ஆபீஸ் சமாச்சாரம் என்று இரண்டையும் என் மண்டைக்குள் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்தேன்.

ஒரு கண்ணாடிகூட ஒரு வருஷத்தைத் தாண்ட அந்த ஊர் விட்டதில்லை. அறுபது வயதுக்கு மேல் யாரையும் வாழவிடாத ஓர் ஊரில் போய்க் கணக்கெடுத்துவிட்டு, மனிதர்களுக்கு முதுமையே வராது என்று எழுதினால் எப்படி இருக்கும்? நான் எழுதியது அதுதான். கொதிநீரும் ஆவியும் கண்ணாடியை உள்ளிருந்து அரிக்கும், அது கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். முதல் வருஷத்தில் உடைந்தவையெல்லாம் ஸ்பானர் பட்டும், இறுக்கம் கூடியும் உடைந்தவை. மெலிந்து உடைய வேண்டியவற்றைப் பூஜைதான் வருஷா வருஷம் காப்பாற்றி வந்தது. அந்தப் பூஜையைத்தான் நாங்கள் நிறுத்தினோம்.

அந்த வருஷமும் பூஜைக்குப் போனேன். பாய்லர் அறையில் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டிருந்தார்கள். அத்தான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மெக்கானிக்கிடம், “பூசைக்கு மட்டும் ஒண்ணு குடுப்பா, பழசை நான் பத்திரமாத் தந்துர்றேன்” என்று கேட்டாராம். “அண்ணே, மேல இருந்து உத்தரவு. நல்லா இருக்குறத மாத்துனா எங்கிட்ட வெளக்கம் கேப்பாக” என்று அவன் போய்விட்டான். அத்தான் சந்தனத்தைக் குழைத்து அந்தப் பழைய குழாயின் மேல்முனைப் பித்தளைப் பூணில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டாகளாம்த்தா, மாத்த வேணாம்னு. ஒங்க ஆபீஸ்தான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பார்த்துச் சொன்னது நான்தான் என்று சொல்லவில்லை. வாயில் பொரி இருந்தது ஒரு சாக்கு. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மாசி மாதம் ஒரு காலை பத்து மணிக்கு அந்தக் கண்ணாடி வெடித்தது. அத்தான் தண்ணீர் மட்டம் பார்க்க முகத்தை நீட்டிய நேரம். ஆவியும் கொதிநீரும் கண்ணாடித் தூளும் ஒன்றாக வந்து அவர் முகத்தில் இடது பக்கம் அடித்தன. பின்னால் இரண்டு பெண்கள் உமிச் சாம்பலைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் அவர் பின்னால் ஓடவில்லை. கண் தெரியாமல் கையால் துழாவி, கீழ்த் திருகை அடைத்து, பிறகு மேல் திருகை அடைத்து, அதற்கப்புறம்தான் கீழே உட்கார்ந்தார். அந்தப் பெண்களுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஒற்றைக் கண்ணோடு பாய்லரை நம்பி விடமுடியாது என்று முதலாளி கையை விரித்துவிட்டு, எடைமேடையில் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார். அவருடைய சான்றிதழ், சட்டம் மாட்டிய படமாக வீட்டுச் சுவரில் தொங்கியது.

எங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை தயாரித்தது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். முதலாவதாக, இது தற்செயலான முறிவு, முன்கூட்டிச் சொல்ல இயலாதது. இரண்டாவதாக, கண்ணாடிக்கு முன்னால் இருக்கவேண்டிய தடுப்பு இல்லை. மூன்றாவதாக, பணியாளர் திருகு நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். தடுப்பு எந்த ஆலையில்தான் இருந்தது? உமித்தூசி படிந்து மட்டமே தெரியாமல் போகிறது என்று வருஷக்கணக்காக எல்லோரும் கழற்றித்தான் வைத்திருந்தார்கள். எங்கள் சீட்டுகளிலேயே ‘தடுப்பு இல்லை’ என்று எழுதி எழுதி வைத்திருந்தார்கள், அப்போதெல்லாம் யாரும் மூச்சு விடவில்லை. முகம் வெந்த நிலையில் இரண்டு திருகையும் அடைத்த மனிதனைப் பற்றி அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. தற்செயல் என்ற சொல்லுக்கு ஆதாரமாக என் வளைகோட்டைத்தான் பின்னால் ஒட்டியிருந்தார்கள்.

அதைவிடக் கொடுமை வீட்டில் நடந்தது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அத்தான், “பழசுக்குப் பொட்டு வச்சேன்ல, அந்தக் குத்தம் என்னையப் புடிச்சுருச்சு” என்று சொல்லத் தொடங்கினார். நட்டை இறுக்கியது தானாக இருக்குமோ என்ற சந்தேகம் வேறு. தூக்கத்தில் கையைத் திருகித் திருகிப் பார்க்கிறார் என்று அக்காள் சொன்னாள். அவள் வெள்ளிக்கிழமை தோறும் செருப்பில்லாமல் கோவிலூர்க் கோயிலுக்கு நடக்க ஆரம்பித்தாள், அவர் செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க. காலில் முள் தைத்துக்கொண்டு வந்து, “ஏண்டி, அந்தாளு சாமிக்கு என்ன கொறை வச்சாரு?” என்று என்னிடமே கேட்டாள். நான் ஊக்கை எடுத்து அந்த முள்ளைப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் வேறு ஆலைகளில் இரண்டு கண்ணாடிகள் வெடித்தன. நல்லவேளை, அந்த நேரத்தில் கிட்டே ஆள் இல்லை. சீட்டுகள் என் மேசைக்கு வந்தன. இரண்டுக்கும் வயது ஒன்றரை வருஷத்தை ஒட்டி. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தூக்கிப்போட்ட ‘மாற்றியது’ சீட்டுகள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன். உடையாமல் எடுத்த கண்ணாடியும் ஒரு செய்தி சொல்கிறது, அதுவரை நான் உடையவில்லை என்கிறது, அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியாது என்கிறது. இதைக் கணக்கில் சேர்க்கும் முறை என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. சேர்த்து, புதிய மூன்று முறிவையும் வைத்துப் போட்டேன். வெய்புலின் அந்த எண் ஒன்றைத் தாண்டி எகிறிவிட்டது. இதற்காகக் கணிதத்தைத் திட்டுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். கணிதம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல், சுலபமானதைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்.

மேலாளரிடம் கொண்டுபோனேன். “சார், வயசாகுது. கண்ணாடிக்கு வயசாகுது. இன்னும் பதினொரு மில்லுல பழைய கண்ணாடி இருக்கு. இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க” என்றேன். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். “மூணு பாயிண்ட்டை வச்சு மாடலை மாத்த முடியுமாம்மா? வருஷக் கடைசி ரிவ்யூல பாப்போம். இப்ப சர்க்குலர் போட்டா முதல்ல சொன்னது தப்புன்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ஆபரேட்டர் உங்க சொந்தக்காரர்னு கேள்விப்பட்டேன். அதான் எமோஷனலா இருக்கீங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க” என்றார். அப்போதும் சிரித்தார். மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறியாமல் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே புதுவயலுக்குப் போனேன். அத்தான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் விழுந்த வாக்கியம், தூக்கிப்போட்ட சீட்டுகள், பூஜையன்று வாயை மூடிக்கொண்டது, எதையும் விடவில்லை. அடுக்களை வாசலில் அக்காள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“அப்ப சாமி குத்தம் இல்லையா?” என்றார் அத்தான்.

“இல்ல அத்தான்.”

“நான் நட்டை இறுக்குனதும் இல்ல?”

“இல்ல. பூசைக்கே அதை எடுத்துருக்கணும். எடுக்கக்கூடாதுன்னு சொன்னது நாங்க.”

“நாங்கன்னா?”

“நான்.”

அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். கடைசியில், “மத்த மில்லுல இப்ப என்ன கண்ணாடி கெடக்கு?” என்று கேட்டார். “பழசுதான். பதினொரு மில்லு” என்றேன். “ஓடுதா?” என்றார். “ஓடுது.” அவர் எழுந்து உள்ளே போய் முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்தார். “வண்டிய எடு” என்றார்.

காரைக்குடியில் ஞாயிறும் திறந்திருக்கும் ஒரு ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக் குழாய்களும் வாஷர்களும் வாங்கினோம். ஒவ்வொரு ஆலைக்கும் என்ன நீளம் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. குழாய்களைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். முதல் ஆலையில் இருந்த பாய்லர்காரர் தயங்கினார். “மாத்துறதுல ஒண்ணுமில்லண்ணே. நாளைக்குக் கம்பெனிக்காரக கேட்டா என்ன சொல்ல?” என்றார். அத்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முகத்துக்கு நேராக நின்றார். அந்தப் பாய்லர்காரர் போய்த் திருகுகளை அடைத்தார். மேலும் கீழும் திருகை அடைத்துவிட்டால் பாய்லரை அணைக்காமலே மாற்றிவிடலாம், கைப்பழக்கம் உள்ளவருக்கு அரை மணி வேலை. அத்தான் ஸ்பானரை எடுத்து நட்டில் மாட்டப் போனார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, ஸ்பானர் நட்டுக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே காற்றைக் கவ்வியது. இன்னொரு தடவை முயன்றார், அதுவும் தவறியது. அந்தப் பாய்லர்காரர் ஸ்பானரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது ஆலையில் முதலாளியே வந்துவிட்டார். “அவிச்சுக்கிட்டு இருக்கைல இப்ப வந்து என்ன செய்யிறீக? தொட்டியில நெல்லு கெடக்கு, கெட்டுப்போனா நீங்களா குடுப்பீக?” என்று சத்தம் போட்டார். நான் கணக்கை விளக்க வாயைத் திறந்தேன். அத்தான் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, “இந்தப் புள்ள குடுத்த மொதக் கணக்கும் இப்பிடித்தான் தெளிவா இருந்துச்சாம். நீங்க அந்தக் கண்ணாடிக்கு முன்னால போயி நில்லுங்க. நாங்க கெளம்புறோம்” என்றார். முதலாளி கண்ணாடியைப் பார்த்தார், நிற்கப் போகவில்லை. அங்கே கழற்றிய குழாயின் மேல்முனை நட்டைத் தளர்த்தியதுமே பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் பதினொன்றும் முடிந்தது.

பிறகு நிறுவனத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தை மீறியதாக என்னை அழைத்தார்கள், நான் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். அந்த ஆண்டின் கடைசியில் ‘தரவு சார்ந்த முன்கூட்டிய மாற்றுத் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை கேஜ் கிளாஸை மாற்றவேண்டுமாம். புதுவயலில் பொட்டு வைப்பதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த அதே காரியத்தைப் புதிய பெயரில் ஆலைகளுக்கே திருப்பிச் சொன்னார்கள். அந்த மேலாளர் இப்போது வேறு ஊரில் இதைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறார். அத்தானின் கண்ணைப் பற்றிய அறிக்கையில் தற்செயல் என்ற சொல் இன்றுவரை அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. நாலாவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு மாலை அத்தானை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கை, சட்டை எல்லாம் கரி. மடியில் இருந்த காலிச் சாக்கை உதறி மடித்தார். உள்ளே அக்காள் விளக்குப் போடுவது தெரிந்தது, குழம்பு வாசனை தெருவரை வந்தது. காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் டீயைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. நான் வண்டியை ஸ்டாண்டு போடக் காலை ஊன்றினேன்.

“போட வேணாம்த்தா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னார். “நீ வந்து சொன்னது நல்லது. பதினொரு பேரு பொழச்சாக. ஆனா, உள்ள வா, சாப்புட்டுப் போன்னு சொல்ல எனக்கு மனசு வரல. மனசு வந்தா நானே கூப்புடுறேன்.”

சரி அத்தான் என்றேன். அவர் படியேறும்போது முதல் படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை வந்து போய்விட்டது. அக்காள் பஸ் ஏறி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அவர் இன்னும் கூப்பிடவில்லை.